வாசகர் கேள்வி பதில்: காரும் கூடாரமும் ஒரு கோடையும்

கோடை விடுமுறை தொடங்கினால் டிக்கியில் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு கிளம்பிவிடுகிறோம் என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நிறையப் பேர் கடிதம் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒன்பது வயதில் மகள், ஆறு வயதில் மகன். இந்தக் கோடையில்தான் முதல்முறையாகக் கூடாரம் வாங்கியிருக்கிறோம். உங்கள் வீட்டில் இருப்பதுபோல எங்களுக்கென்றும் சில வழக்கங்கள் வேண்டும் என்று ஆசை. என்னென்ன வைத்துக்கொள்ளலாம்? ஒரு பட்டியல் தருவீர்களா?

பட்டியல் தரப்போவதில்லை, தப்பாக நினைக்காதீர்கள். பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்து ஏற்படுத்தும் வழக்கங்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை. "இனிமேல் தினமும் ராத்திரி எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து, அன்றைக்குப் பிடித்த ஒன்றைச் சொல்ல வேண்டும்" என்று அப்பா அறிவிப்பார். முதல் ராத்திரி பிள்ளைகள் சொல்வார்கள். மறுநாள் நெளிவார்கள். அதற்கடுத்த நாள் அப்பாவுக்கே மறந்துபோகும். பிள்ளைகளாக வந்து, "போன தடவை மாதிரியே செய்யலாம்" என்று எதைக் கேட்கிறார்களோ அதுதான் உங்கள் வீட்டு வழக்கம். அது எதுவாக இருக்கும் என்று இப்போது உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

எங்கள் வீட்டில் முதல் முளையை அடிப்பவள் சின்ன மகள். நாலு வயதில், நாங்கள் கூடாரம் கட்டும்போது காலைச் சுற்றிச் சுற்றி வந்தாள் என்று, என் கணவர் அவள் கையில் ரப்பர் சுத்தியலைக் கொடுத்து ஒரு மூலையில் உட்காரவைத்தார். முளையின் தலை கூடாரத்தை விட்டு வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், அப்போதுதான் காற்றில் கயிறு இழுத்தாலும் பிடுங்கிக்கொண்டு வராது என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துச் சாய்த்துக் காட்டினார். அடுத்த முறை கூடாரப் பையை அவிழ்த்ததும் சுத்தியலுக்குக் கை நீட்டினாள். இப்போது என்னைவிட உயரமாகிவிட்டாள். ஆனாலும் அவள் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தால், திரும்பி வரும்வரை யாரும் முளையைத் தொடமாட்டோம்.

இன்னொன்று நோட்டு. சாதாரண கோடு போட்ட நோட்டுதான், மூலையில் ஓட்டை போட்டு நூலில் பென்சில் கட்டியிருக்கிறோம். இரவுக் காற்றில் காகிதம் நமுத்துவிட்டால் பேனா எழுதாது, பென்சில் எழுதும். சாப்பாடு முடிந்ததும் அது கைமாறிக்கொண்டே வரும். ஆளுக்கு ஒரு வரி. என் மாமியாருக்குக் கண் சரியாகத் தெரியாததால் அவர் சொல்லச் சொல்லப் பேரன் எழுதுவான். "இன்று வழியில் மூன்று பாலங்கள். தண்ணீர் ஒன்றில்தான் இருந்தது." அவர் வரிகள் இப்படித்தான் இருக்கும். என் மகன் பன்னிரண்டு வயதில் ஒரு பயணம் முழுக்க "ஒன்றுமில்லை" என்று மட்டுமே எழுதினான். அதையும் அப்படியே விட்டோம். இன்று அந்தப் பக்கத்தைத்தான் அவன் முதலில் புரட்டுகிறான்.

உங்களால் முடிவது இரண்டு விஷயம். ஒன்று, பிள்ளைகளுக்கு விளையாட்டு வேலை கொடுக்காமல் உண்மையான வேலை கொடுங்கள். ஒன்பது வயது மகள் விளக்குகளுக்குப் பொறுப்பாக இருக்கட்டும்: ஹெட்லேம்ப், டார்ச், மாற்று பேட்டரி. அவள் மறந்தால் ராத்திரி இருட்டாக இருக்கும் என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். ஆறு வயதுப் பையனுக்குச் செருப்பும் ஷூவும். இரவில் எல்லோருடையதையும் உள்ளே எடுத்து வைப்பது, காலையில் பூச்சி இருக்கிறதா என்று தலைகீழாகத் தட்டிவிட்டுக் கொடுப்பது. முதல் சில தடவை நீங்களும் கூட நின்று பாருங்கள்.

இரண்டாவது, கோடையில் ஒரு பயணமாவது போன இடத்துக்கே மறுபடியும் போங்கள். புது இடம் தேடிக்கொண்டே இருந்தால் எதுவும் திரும்ப நடக்க வாய்ப்பிருக்காது. அதே மரம், அதே ஓடை, ஆனால் தண்ணீர் போன வருடத்தைவிடக் குறைவு என்று பிள்ளைகள் தாங்களாகவே கவனிக்கத் தொடங்கும்போது, அந்த இடம் அவர்களுடையதாகிவிடும்.

பதினைந்து வயது மகள் இந்த முறை வரமாட்டேன் என்கிறாள். கட்டாயப்படுத்தலாமா? சின்னவன் அக்கா இல்லாமல் வரமாட்டேன் என்று அழுகிறான்.

எல்லாப் பயணத்துக்கும் கட்டாயப்படுத்தாதீர்கள். கோடையில் எந்தப் பயணம் குடும்பத்துக்கு முக்கியமோ அது ஒன்றுக்கு மட்டும் வந்தாக வேண்டும் என்று சொல்லுங்கள். மற்றவற்றை அவள் விருப்பத்துக்கு விடுங்கள். அந்த ஒரு பயணத்தில் ஒரு முழு நாளை அவளிடம் ஒப்படைத்துவிடுங்கள். எந்த வழியாகப் போவது, எங்கே நிறுத்துவது, எத்தனை மணிக்கு எழுந்திருப்பது எல்லாம் அவள் முடிவு. அவள் பதினொரு மணி வரை தூங்கலாம் என்று முடிவெடுத்தால் தூங்குங்கள். இடையில் புகுந்து திருத்தினால் கொடுத்ததற்கு அர்த்தமே இல்லை. ஒரு தோழியை அழைத்துவரவும் சொல்லுங்கள். எங்கள் மகன் அந்த வயதில் காரில் வாயே திறக்காமல் வந்தான். நண்பன் கூட வந்த பயணத்தில்தான் முதன்முதலாக எங்கள் வழக்கங்களை அவனே இன்னொருவனுக்கு விளக்கிச் சொன்னான். அதைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றும் மறக்கவில்லை.

அவள் சீக்கிரம் தூங்கிவிட்டால் கோபத்தில் போய்ப் படுத்துவிட்டாள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் குழு 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. சிலரை ஒரு வாரம் மலையில் கூடாரமடித்துத் தங்கவைத்தார்கள். டார்ச்சும் கிடையாது, போனும் கிடையாது, சூரிய வெளிச்சமும் நெருப்பு வெளிச்சமும் மட்டும்தான். வார முடிவில் அவர்களுடைய உடல் கடிகாரம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்னே நகர்ந்திருந்தது. வீட்டில் நள்ளிரவு தாண்டியும் விழித்திருக்கும் பிள்ளைகள் கூடாரத்தில் சீக்கிரமே கண்ணயர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சின்னவனுக்கு: அக்கா வராத பயணங்களில் அவளுடைய வேலை ஒன்றை அவன் செய்யட்டும், அவளிடம் அனுமதி கேட்டுக்கொண்டு. அந்த அனுமதி கேட்பது ரொம்ப முக்கியம்.

கோடைதானே என்று மெல்லிய போர்வையோடு போனோம். மலைமேல் ராத்திரி முழுக்க நடுக்கம். மேலே இரண்டு போர்வை போட்டும் குளிர் அடங்கவில்லை. ஏன்?

குளிர் உங்களுக்குக் கீழேயிருந்து வந்திருக்கிறது. தரை உடம்புச் சூட்டை நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். நாம் படுத்திருக்கும் பக்கம் போர்வையோ தூக்கப்பையோ அமுங்கி, அதற்குள் இருக்கும் காற்று வெளியேறிவிடுகிறது. சூட்டைத் தடுத்து வைப்பதே அந்தக் காற்றுதான். எனவே மேலே ஒன்றைக் கூட்டுவதற்கு முன் கீழே ஒன்றைக் கூட்டுங்கள். மூடிய துளைகள் உள்ள ஃபோம் பாய் போதும். காற்றடிக்கும் மெத்தை மெத்தென்று இருக்கும், ஆனால் உள்ளே வெறும் காற்று மட்டும் இருந்தால் அது சுழன்று சுழன்று சூட்டைத் தரைக்குக் கடத்திவிடும். அதன்மேல் ஃபோம் பாயை விரித்துக்கொள்ளலாம். கடையில் வாங்கும்போது ஆர் மதிப்பு என்று போட்டிருப்பதைப் பாருங்கள். எண் கூடக் கூடக் குளிர் தாங்கும்.

ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் சுமார் 6 டிகிரி செல்சியஸ் குறையும். வீட்டில் புழுங்குகிறதே என்று பார்த்து துணி எடுத்து வைக்காதீர்கள். பகலில் வியர்த்த துணியோடும் படுக்காதீர்கள், சாக்ஸ் உட்பட.

இதோடு சேர்ந்து வரும் இன்னொரு புகார்: "காலையில் கூடாரத்தின் உள்பக்கம் நனைந்திருந்தது, ஓட்டைக் கூடாரத்தை விற்றுவிட்டார்கள்." பெரும்பாலும் அது ஓட்டை இல்லை. நாலு பேர் மூச்சுவிட்ட ஈரம் குளிர்ந்த துணியில் பட்டு நீராகிறது. குளிருக்குப் பயந்து காற்று வழிகளையெல்லாம் இழுத்து மூடினால் இன்னும் அதிகமாகும். எதிரெதிராக இரண்டு திறப்பைக் கொஞ்சம் திறந்துவையுங்கள்.

குளிருக்கு அடுப்பைச் சிறிது நேரம் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளலாமா? ஜிப்பைப் பாதி திறந்து வைப்போம்.

கூடாது. பாதி திறந்தாலும் கூடாது, வாசல் திண்ணை மாதிரி நீட்டியிருக்கும் பகுதியிலும் கூடாது. கேஸ் அடுப்பும் கரி அடுப்பும் கார்பன் மோனாக்சைடை விடும். அதற்கு வாசனை இல்லை, கண்ணுக்கும் தெரியாது. தூக்கத்திலேயே மயக்கமாகி உயிர் போய்விடும். அணைந்துவிட்டதுபோல் சாம்பல் பூத்திருக்கும் கரிகூட மணிக்கணக்கில் அதை விட்டுக்கொண்டிருக்கும், சமைத்து முடித்த அடுப்பை மழைக்குப் பயந்து உள்ளே இழுத்து வைப்பதும் அதே ஆபத்துதான். குளிருக்கு வெந்நீரை இறுக்கமாக மூடும் பாட்டிலில் ஊற்றி, துணி சுற்றிக் காலடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

மழை வந்தால் என்ன செய்வீர்கள்? போன வருடம் இரண்டு நாளும் கூடாரத்துக்குள்ளேயே முடங்கிக் கிடந்தோம்.

வெறும் மழை என்றால் கவலையில்லை. எங்கள் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லும் பயணங்களில் பாதி மழைப் பயணங்கள்தான். தரையில் விரிக்கும் தார்பாய் கூடாரத்தின் அடிப்பகுதியைவிட ஒரு சாண் உள்ளே அடங்கியிருக்கட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கூரையிலிருந்து வழியும் தண்ணீரை ஏந்தி நேராக உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்த்துவிடும். பள்ளத்தில் அடிக்காதீர்கள். ஆற்றுப்படுகையில் அடிக்கவே அடிக்காதீர்கள். தலைக்குமேல் வானம் வெறிச்சென்று இருக்கும், மேலே எங்கோ பெய்த மழை ராத்திரியில் வந்து சேரும். காய்ந்த கிளை தொங்கும் மரத்தடியும் வேண்டாம்.

இடி கேட்டால் கதை வேறு. கூடாரம் மின்னலுக்கு எந்தப் பாதுகாப்பும் தராது. கெட்டியான உலோகக் கூரையுள்ள கார் தரும், கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளே உட்கார வேண்டும். முதல் இடி கேட்டதும் எல்லோரும் காருக்கு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் வெளியே. காருக்குள் உட்கார்ந்து மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் எத்தனை வினாடி என்று எண்ணுவது எங்கள் வீட்டில் தானாக வந்துசேர்ந்த இன்னொரு வழக்கம். ஒலி ஒரு கிலோமீட்டர் கடக்க ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும் என்பதால், எண்ணியதை மூன்றால் வகுத்தால் தூரம். எண்ணிக்கை ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே போனால் புயல் விலகிப்போகிறது என்று பொருள். பயந்து அழுத பிள்ளைகூட எண்ண ஆரம்பித்ததும் அழுகையை விட்டுவிடும்.

காரில் கூடாரத்தோடு கிளம்பும் பழக்கம் எப்போது தொடங்கியது? (பள்ளி மாணவர் ஒருவரின் கேள்வி)

காருக்கு முன்னால் சைக்கிள். இங்கிலாந்தில் தாமஸ் ஹைரம் ஹோல்டிங் என்ற தையற்காரர் 1901இல் சைக்கிளில் கூடாரம் கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்தார். காரில் போனவர்களில் பேர்பெற்றவர்கள் ஹென்றி ஃபோர்டு, தாமஸ் எடிசன், டயர் தயாரித்த ஹார்வி ஃபயர்ஸ்டோன், இயற்கையைப் பற்றி எழுதிய ஜான் பரோஸ் ஆகியோர். 1910களின் நடுவிலிருந்து 1924 வரை பல கோடைகளில் சேர்ந்து கிளம்பினார்கள். 1921இல் அமெரிக்க அதிபர் வாரன் ஹார்டிங்கும் அவர்களோடு கூடாரத்தில் தங்கினார். அந்த வருடம் மார்ச்சில் பரோஸ் காலமாகியிருந்தார். நண்பர் இல்லாத அந்தக் கோடையிலும் மற்றவர்கள் போவதை நிறுத்தவில்லை. அடுத்து வரும் கடிதத்தைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

என் கணவர் போன வருடம் தவறிவிட்டார். கூடாரம் கட்டுவது, வண்டி ஓட்டுவது, நெருப்பு மூட்டுவது எல்லாம் அவர்தான். பிள்ளைகள் இருவரும் (14, 10) இந்தக் கோடையில் போகலாமா என்று கேட்கிறார்கள். எனக்குத் தைரியம் வரவில்லை. போனால் அவர் இல்லாதது இன்னும் பெரிதாகத் தெரியாதா?

தெரியும், சகோதரி. அதை மறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் பிள்ளைகள் தாங்களாகவே கேட்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள். அப்பாவோடு இருந்த ஓர் இடத்துக்கு அவர்கள் போக விரும்புகிறார்கள். குடும்ப வழக்கங்களைப் பற்றிய ஐம்பது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து பார்பரா ஃபீஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2002இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். அன்றாட வேலை ஒன்று தடைபட்டால் எரிச்சல்தான் வரும், மனம் ஒன்றிய வழக்கம் தடைபட்டால் குடும்பத்தின் பிணைப்பே ஆட்டம் காணும் என்கிறது அது. உங்கள் பிள்ளைகள் இதைத்தான் வேறு விதமாகச் சொல்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

போங்கள். ஆனால் இந்த முறை சின்னதாக. ஒரே ஒரு இரவு, அவசியம் என்றால் ராத்திரியே வீடு திரும்பிவிடக்கூடிய தூரம். கிளம்புவதற்கு முன் வீட்டு மொட்டைமாடியிலோ முற்றத்திலோ, திறந்த வெளி எங்கிருந்தாலும் சரி, மூவரும் சேர்ந்து கூடாரத்தை ஒரு தடவை கட்டிப் பாருங்கள். அந்தப் பையை முதன்முதலாக அவிழ்க்கும்போதுதான் அதிகம் வலிக்கும். அவர் மடித்த மடிப்பு, அவர் போட்ட முடிச்சு எல்லாம் அதில் அப்படியே இருக்கும். அந்த நேரம் வீட்டிலேயே கழிந்துவிடட்டும். அழுகை வந்தால் அழுங்கள், பிள்ளைகள் முன்னாலும் அழலாம்.

பதினாலு வயதுப் பிள்ளை தானாகவே அப்பாவின் வேலையை எடுத்துக்கொள்ளும் என்று எண்ணிவிடாதீர்கள். சொந்தக்காரர்களும் "இனி நீதான் அப்பா இடத்தில்" என்று சொல்வார்கள். அந்தப் பாரம் அந்த வயதுக்கு வேண்டாம். அவர் செய்த வேலைகளை ஒரு தாளில் எழுதி நடுவில் வையுங்கள். யாருக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளட்டும். யாரும் எடுக்காதது இருந்தால் இந்த வருடம் அது வேண்டாம். நெருப்பு மூட்டாமல் ஓர் இரவைக் கழிக்கலாம், ஒன்றும் குறைந்துவிடாது. நெடுந்தூரம் ஓட்டத் தயக்கம் என்றால் இன்னொரு குடும்பத்தோடு சேர்ந்து போங்கள், ஆனால் கூடாரம் மட்டும் உங்களுடையதாக இருக்கட்டும்.

போய் வந்தபின் எனக்கு எழுதுங்கள். போக முடியவில்லை என்றாலும் எழுதுங்கள்.

எழுபத்திரண்டு வயது மாமனார் தானும் வருவேன் என்கிறார். முழங்கால் வலி உண்டு. அழைத்துப் போகலாமா?

கட்டாயம். உள்ளே நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள கூடாரம், தரையில் படுக்காமல் மடக்குக் கட்டில், கைப்பிடி வைத்த நாற்காலி, கழிப்பறைக்குப் பக்கத்தில் இடம். இந்த நாலும் இருந்தால் போதும். கூடாரத்திலிருந்து கழிப்பறைக்குப் போகும் வழியில் கயிறோ முளையோ குறுக்கே வராமல் பாருங்கள். மருந்துகளைக் காரில் விட்டுவிடாதீர்கள். மூடிய கார் வெயிலில் பத்து நிமிடத்திலேயே ஏறக்குறைய 10 டிகிரி கூடுதலாகச் சூடேறிவிடும்.

வயதானவர்களுக்குத் தூக்கம் குறைவு, அதைக் குடும்பத்துக்குப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 12, 13 வாக்கில் பெர்சீட் எரிகல் பொழிவு உச்சத்தில் இருக்கும். ஸ்விஃப்ட்-டட்டில் என்ற வால்மீன் விட்டுச்சென்ற தூசுக்குள் பூமி புகும்போது நடப்பது அது. நள்ளிரவுக்குப் பின் விடியும்வரை நன்றாகத் தெரியும். எரிகல் தெரிய ஆரம்பித்ததும் பேரப்பிள்ளைகளை எழுப்பும் வேலை தாத்தாவுடையது. கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும், ஒரு தடவை போன் திரையைப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து. சிவப்பு வெளிச்சம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குக் காரில் போனால் வாந்தி. ஒவ்வொரு பயணமும் அதிலேயே கெட்டுவிடுகிறது.

காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நகர்கிறோம்" என்கிறது, போனைப் பார்க்கும் கண் "இல்லை" என்கிறது. இந்தக் குழப்பம்தான் குமட்டல். திரையும் புத்தகமும் வேண்டாம், முன்னால் தொலைவில் பார்க்கவையுங்கள், கண்ணாடியைக் கொஞ்சம் இறக்குங்கள். வெறும் வயிறும் வேண்டாம், முட்ட முட்டவும் வேண்டாம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள், அது ஓட்டுபவருக்கும் நல்லது. அப்படியும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் மாத்திரை கேளுங்கள்.

திரும்பி வந்ததும் அசதியில் கூடாரத்தை அப்படியே பரணில் போட்டுவிட்டோம். அடுத்த மாதம் எடுத்தால் நாற்றம், கரும்புள்ளி. துவைக்கும் மிஷினில் போடலாமா?

மிஷினில் போடாதீர்கள், தையலும் பூச்சும் போய்விடும். மிதமான சோப்புத் தண்ணீரில் ஸ்பாஞ்சால் துடைத்து, நிழலில் காற்றாட விரித்துப் போடுங்கள். வெயிலில் நாள்கணக்கில் போட்டால் புற ஊதாக் கதிர் நைலானை வீணாக்கும். நாற்றம் பெரும்பாலும் போகும். கரும்புள்ளி முழுசாகப் போகாது, ஆனால் துணி உறுதியாக இருந்தால் இன்னும் பல கோடை உழைக்கும். உள்பக்கப் பூச்சு பிசுபிசுவென்று ஒட்டினால் மட்டும் புதிது பார்க்க வேண்டியதுதான்.

இனிமேல் வந்த அன்றே விரித்துப் போட்டுவிடுங்கள், மற்ற சாமான்கள் டிக்கியிலேயே மறுநாள் வரை கிடக்கட்டும். காய்ந்தபின் இறுக்கிச் சுருட்டாமல் தளர்வான துணிப்பையில் வையுங்கள். முளைகளை மண் துடைத்து எண்ணிப் போடுங்கள். எத்தனை இருக்க வேண்டும் என்று பையின் உள்பக்கம் மார்க்கரில் எழுதிவையுங்கள்.